மூணாவது கார்பன்

ஒரே ராத்திரியில் அஞ்சு பல்பு போச்சு. ஹெட்லைட் ரெண்டு, டெயில் லைட் ஒன்று, டாஷ்போர்டில் மினுக்கிக்கொண்டிருந்த குட்டி பல்பு ஒன்று, அப்புறம் இருட்டில் தடவித் தடவி நான் மாற்றிப் போட்ட ஸ்பேர் பல்பு. ஆறு வோல்ட் பல்பு இப்போது கேட்ட உடனே எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். பழைய புல்லட், ராஜ்தூத் சாமான் வைத்திருப்பவர்களிடம் சொல்லி வைத்து, ஹோல்டரைக் கொஞ்சம் மாற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அத்தனையும் வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் அரை மணி நேரத்தில் போய்விட்டது.

வண்டி 1930-ஆம் வருஷத்து ஃபோர்டு மாடல் ஏ. என்னுடையது இல்லை, ரைஸ் மில் அண்ணாச்சி ஒருவருடையது. அவருடைய தாத்தா வாங்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் மில் குடோனில் உமி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. எங்கள் பக்கம் கார் என்றால் முதலில் ஞாபகம் வருவது நெல்தான், கார் சாகுபடி, பிசான சாகுபடி என்று. அண்ணாச்சி போன வருஷம் அப்பாவுக்கு போன் போட்டு, "காரை எடுக்கணும் அண்ணாச்சி, நீங்கதான் வந்து பாக்கணும்" என்று சொன்னபோது, அறுப்புக்கு ஆள் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன்.

அப்பா பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவர். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஷட்டர், ஒரு மேஜை, பேட்டரி சார்ஜர், ஆர்மேச்சர் என்கிற கம்பிச் சுருள் உருளைகளைத் தொங்கவிட ஆணி வரிசை. பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அங்கேதான் வாசம். வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கும் டைனமோவுக்குள் கார்பன், அதாவது கரண்டை வெளியே எடுக்கும் கரித்துண்டு, மாட்டும்போது ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிக்கச் சின்ன விரல் வேண்டும், அதற்கு நான். அந்தக் கார்பன் உரசும் கம்யூடேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை ரம்பப் பிளேடால் கீறி இறக்கும் வேலையைப் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே கற்றுக்கொண்டேன். கடையை மூடி ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. ஆக குனிவது நான், சொல்வது அவர்.

அந்த ராத்திரி அப்பா எங்களோடு வரவில்லை. அண்ணாச்சி ஓட்ட, நான் பக்கத்தில். கன்னடியன் கால்வாய் ஓரமாக நல்ல இருட்டு, தவளைச் சத்தம், முப்பது மைல் வேகம் இருக்கும். டாஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் முள் நட்டநடுவில் பூஜ்யத்தில் நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. வருகிறதும் போகிறதும் சமமாக இருக்கிறது என்று நினைத்து எனக்கு நிம்மதி. திடீரென்று ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறியது. "அடடா, என்ன பிரகாசம்!" என்று அண்ணாச்சி சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டும் போச்சு. அவர் பதறி வேகத்தைக் குறைத்தார், இஞ்சினும் நின்றது. செல்ஃபை மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹேண்டிலைப் போட்டு ரெண்டு சுத்து சுத்தியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஸ்பேர் பல்பைப் போட்டு ஒரு பர்லாங் தாண்டியிருக்க மாட்டோம், அதுவும் வெள்ளையாகிப் போச்சு.

அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏளா, அணையுததுக்கு முன்னால மங்கிச்சா, பளிச்சுனு எரிஞ்சுதா?"

"பளிச்சுனு எரிஞ்சுதுப்பா."

"அப்ப பல்பைத் தொடாத. காலுக்குக் கீழ பலகையைத் தூக்கி பேட்டரி டெர்மினலை ஆட்டிப் பாரு."

மாடல் ஏ-யில் பேட்டரி முன் சீட்டுக்காரரின் காலடிப் பலகைக்குக் கீழே தொங்குகிறது. தூக்கிப் பார்த்தேன். டெர்மினல் கையோடு வந்தது. காலையில் அதை மாட்டியது நான், போல்ட்டை முறுக்காமல் விட்டதும் நான். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

லூஸ் கான்டாக்டுக்கு விளக்கு அணையலாம், எதற்கு அதிகமாக எரிய வேண்டும்? இப்போதைய வண்டி ஓட்டுபவர்களுக்கு இது புரியாது, எனக்கும் அன்றுதான் முழுசாகப் புரிந்தது. விஷயம் டைனமோவுக்குள் இருக்கும் மூணாவது கார்பனில் இருக்கிறது.

டைனமோ என்றால் காந்தத்துக்கு நடுவே சுற்றும் ஆர்மேச்சர். சுற்றும் சுருளிலிருந்து கரண்டை வெளியே எடுக்க ரெண்டு கார்பன் போதும். ஆனால் அந்தக் காந்தம் நிரந்தரக் காந்தம் இல்லை, ஃபீல்டு காயில் என்கிற கம்பிச் சுருள், அதற்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். அதை டைனமோ தன்னுடைய வருமானத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இங்கேதான் சிக்கல். வேகம் கூடினால் வோல்டேஜ் கூடும், வோல்டேஜ் கூடினால் ஃபீல்டு பலமாகும், ஃபீல்டு பலமானால் வோல்டேஜ் இன்னும் கூடும். வட்டிக்கு வட்டி மாதிரி. இஞ்சின் ஒரே வேகத்தில் ஓடினால் கவலையில்லை, காரில் அப்படி நடக்குமா? அதனால் ஃபீல்டு காயிலுக்கு முழு வோல்டேஜையும் தராமல், மெயின் கார்பன்களுக்கு இடையில் மூணாவதாக ஒரு சின்ன கார்பனை வைத்து அதிலிருந்து பகுதியை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். ஆர்மேச்சரில் ஓடும் கரண்ட் தானே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும் இல்லையா, அது மெயின் புலத்தைச் சுற்றும் திசையில் கொஞ்சம் தள்ளிவிடும். கரண்ட் அதிகமாக அதிகமாகப் புலம் முறுக்கிக்கொண்டு மூணாவது கார்பனை விட்டு விலகும், அங்கே கிடைக்கும் வோல்டேஜ் குறையும், ஃபீல்டு சோரும். அதனால் ஒரு வேகம் வரை கரண்ட் ஏறி, அதற்கு மேல் வேகம் போனால் இறங்கவே செய்யும். எந்த ரிலேயும் இல்லை, எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, ஒரு துண்டு கரியை எங்கே வைப்பது என்பதுதான் வித்தை. சிறுவயதில் இதைக் கழற்றி மாட்டியிருக்கிறேனே தவிர இது எவ்வளவு கெட்டிக்கார யோசனை என்று தெரியாது.

ஆனால் இந்த யோசனைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கரண்ட் ஓடினால்தான் அந்தப் புலம் முறுக்கும். கரண்ட் ஓட வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ள பேட்டரி இருக்க வேண்டும். பேட்டரி கழன்றுவிட்டால் டைனமோவைப் பிடித்து நிறுத்த ஆளே இல்லை, வோல்டேஜ் கிறுகிறுவென்று ஏறும். இருக்கிற சுமை பல்புகள் மட்டும்தான், ஒரு பல்பு போனால் சுமை இன்னும் குறையும், வோல்டேஜ் இன்னும் ஏறும், அடுத்த பல்பு போகும். எங்களுக்கு நடந்தது அதுவேதான். மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றது வரவும் செலவும் சமமானதால் இல்லை, பேட்டரி பக்கம் எதுவுமே போகாததால். வேகம் குறைந்ததும் டைனமோ சோர்ந்து இஞ்சினும் நின்றது அதனால்தான். அப்புறம் ஹேண்டில் போட்டபோது, தொட்டும் தொடாமலும் இருந்த டெர்மினல் வழியாக இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷனுக்குச் சின்ன கரண்ட் போயிற்று, செல்ஃபுக்கு வேண்டிய பெரிய கரண்ட் போகவில்லை. அப்பாவின் வார்த்தையில், "பேட்டரி இல்லாம ஓடுத டைனமோ மூக்கணாங்கயிறு அறுந்த மாடு."

அடுத்த ஒரு மாசம் இந்த வேலையில் மூழ்கிவிட்டேன். வேலை பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்தக் காலத்து வண்டிகளில் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் என்பது ஒரு டப்பா இல்லை, டிரைவர்தான்.

கார்பைட் காலத்திலிருந்தே அப்படித்தான். முதல் கார்களுக்கு மின்சார விளக்கே கிடையாது. சைடு விளக்கும் டெயில் விளக்கும் மண்ணெண்ணெய், முன் விளக்கு கார்பைட் கேஸ். மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறார்களே, அதே கார்பைட் கல்தான். கீழே ஒரு அறையில் கல், மேலே தண்ணீர், திருகைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக விழுந்து கேஸ் கிளம்பும், ரப்பர் குழாய் வழியாக விளக்குக்குப் போகும். பூண்டு நாற்றம் வேறு. வெளிச்சம் என்னவோ பிரமாதம். ஆனால் தண்ணீர்ச் சொட்டு கூடினால் தீ நாக்கு நீளும், குறைந்தால் விளக்கு திணறும், டிரைவர் இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் கீழ் அறையைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு, சுரண்டிக் கொட்ட வேண்டும்.

அப்புறம் ஃபோர்டு மாடல் டி. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி விற்ற மாடல். அதன் ஃப்ளைவீலில் 16 காந்தங்கள், எதிரே 16 காயில்கள். நிரந்தரக் காந்தம், பேட்டரி வேண்டாம், நேராக ஏசி கரண்ட். முதலில் இக்னிஷனுக்கு மட்டும் இருந்ததை 1915-லிருந்து ஹெட்லைட்டுக்கும் கொடுத்தார்கள். விளைவு? இஞ்சின் வேகமாக ஓடினால் வெளிச்சம், மெதுவாக ஓடினால் மின்மினி. வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவில்தான் வெளிச்சமும் வேண்டும். அதனால் கியரைத் தளர்த்தி இஞ்சினை உறுமவிட்டு எட்டிப் பார்த்துத் திருப்புவார்களாம். ரெண்டு ஹெட்லைட்டும் ஒரே வரிசையில் கோத்திருந்ததால் ஒன்று போனால் மற்றதும் அணையும்.

இதைப் படித்து யாரும் சிரிக்க வேண்டாம். நம் வீட்டுப் பழைய பஜாஜ் சேட்டக்கும் இதேதான். சிக்னலில் நின்றால் ஹெட்லைட் அழும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் சிரிக்கும். அதற்கு முன்னால் சைக்கிள் டைனமோ. முருகன்குறிச்சியிலிருந்து டியூஷன் முடிந்து வரும்போது, மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கும் இடத்தில்தான் விளக்கு மங்கும், பள்ளம் இருப்பதும் அங்கேதான். முன் பல்பு ஃபியூஸ் ஆனால் பின் பல்பும் கூடவே போகும், சுமை குறைந்து வோல்டேஜ் ஏறிய கதை. அந்தப் பாடத்தைப் பன்னிரண்டு வயதிலேயே படித்துவிட்டு வீரவநல்லூர் ரோட்டில் கோட்டைவிட்டேன் என்பதுதான் வெட்கம்.

செல்ஃப் வந்தபிறகுதான் பேட்டரி காருக்குள் நிரந்தரமாகக் குடியேறியது. 1912 கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த ஏற்பாட்டில் ஒரே இயந்திரம் மோட்டாராக இஞ்சினைச் சுற்றிவிடும், இஞ்சின் ஓடியதும் டைனமோவாக மாறி பேட்டரியை நிரப்பும். அதோடு விளக்கு, இக்னிஷன் எல்லாம் மின்சாரம். ஹேண்டில் அடித்து மணிக்கட்டு உடைந்தவர்கள் கும்பிட்டிருப்பார்கள். அண்ணாச்சி ஹேண்டிலைப் பிடித்த பிடியைப் பார்த்து அப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், சுற்றிப் பிடித்தால் இஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரல் போய்விடும்.

எங்கள் வண்டிக்கு வருவோம். மாடல் ஏ 1927 டிசம்பரில் வந்தது, 1931 வரைக்கும் சுமார் 48 லட்சம் செய்தார்கள். ஆறு வோல்ட், பிளஸ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் வண்டியின் இரும்போடு சேர்த்திருக்கும். ஒரு ஃபியூஸ் கூடக் கிடையாது. ஆமாம், முழு வண்டிக்கும் ஒரு ஃபியூஸ் கூட இல்லை. டைனமோவின் முதுகில் ஒரு கட்-அவுட் உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் கட்-அவுட் என்றால் தியேட்டர் வாசலில் பாலூற்றுவது, இது வேறு. டைனமோ வோல்டேஜ் பேட்டரியை விட உயர்ந்ததும் ஒரு காந்தம் இழுத்து இணைப்பைச் சேர்க்கும், இஞ்சின் மெதுவாகி பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னோக்கி ஓடத் தொடங்கியதும் விட்டுவிடும். ஒருவழிக் கதவு மாதிரி. அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் போச்சு, வண்டி நிற்கும்போது பேட்டரி முழுக்க டைனமோவுக்குள் பாயும், டைனமோ மோட்டாராகச் சுற்றப் பார்க்கும், பெல்ட் பிடித்திருப்பதால் சுற்ற முடியாமல் சூடேறிக் கருகும். வயரிங் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இப்போது அந்த டப்பாவுக்குள், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு வைத்து விற்கிறார்கள். அப்பா முதலில் முறைத்தார், அப்புறம் அவரே "சரி, வை, தீப்புடிச்சா மில்லுல்ல போவும்" என்றார். கூடவே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன்.

பல்பு போன ராத்திரிக்கு முன்னால், வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணிய நாளில் டைனமோ ஒரு சொட்டுக் கரண்ட் கூடத் தரவில்லை. காயில் நன்றாக இருந்தது, கார்பன் புதுசு, கம்யூடேட்டரை ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன். இத்தனை வருஷம் சும்மா கிடந்ததில் இரும்புக்குள் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் செத்துவிட்டது. அந்த மிச்சம் இல்லையென்றால் ஃபீல்டு தொடங்காது, முதல் போடாமல் வியாபாரம் இல்லை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கட்-அவுட்டின் ரெண்டு முனைக்கும் நடுவில் ஒரு வயரை ஒரு நொடி தொட்டு எடுத்தார். ஒரு பொறி. அவ்வளவுதான், அடுத்த ஸ்டார்ட்டில் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. அண்ணாச்சி வாயைப் பிளந்து பார்த்தார். அப்பாவும் கொஞ்சம் அலட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூணாவது கார்பனை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. அதைச் சுற்றும் திசையில் நகர்த்தினால் சார்ஜ் கூடும், எதிரே நகர்த்தினால் குறையும். கணக்கு இதுதான்: ஹெட்லைட் ஒன்றுக்கு இரண்டரையிலிருந்து மூன்று ஆம்பியர், இக்னிஷனுக்கு மூன்று சொச்சம், டெயில் லைட் கொஞ்சம். ஆக ராத்திரி ஓட்டத்துக்குப் பத்து ஆம்பியர் வேண்டும். ஆனால் மூணாவது கார்பன் மாதச் சம்பளக்காரன் மாதிரி, செலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பத்தைக் கொண்டுவந்து கொட்டும். பகலில் விளக்கு போடாமல் திருநெல்வேலி வரைக்கும் போனால் மிச்சம் ஏழும் பேட்டரிக்குள் போகும், பேட்டரி நிறைந்த பிறகும் போகும். தண்ணீர் கொதித்து வற்றும், மூடியைச் சுற்றி ஆசிட் பூக்கும். குறைத்து வைத்தால் ராத்திரி பேட்டரி இறங்கும். சில இங்கிலீஷ் வண்டிகளில் டாஷ்போர்டிலேயே கோடைக்குப் பாதி சார்ஜ், குளிர்காலத்துக்கு முழு சார்ஜ் என்று சுவிட்ச் வைத்தார்கள், அங்கே குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும். நமக்கு ஏது குளிர்காலம்? பேட்டரியின் நிலையைப் பார்த்துச் சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் டப்பா 1930-களின் நடுவில்தான் பரவலாக வர ஆரம்பித்தது. நான் கடையில் வளர்ந்தது அந்த டப்பா காலத்தில். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி இங்கிலாந்து லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் சென்னையில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சாமான்தான் அப்பாவின் அலமாரி முழுக்க. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வந்து, வண்டி நின்றபடி இஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலிலேயே சார்ஜ் ஏறும் என்று ஆனபிறகு அந்த அலமாரியைத் திறக்க வேலை இல்லாமல் போனது.

அண்ணாச்சி வீட்டில் ஒரு கதை உண்டு. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல்தான் வந்தது, அவர்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது அதற்கும் பின்னால். அதுவரை அந்தத் தெருவில் எரிந்த ஒரே மின்சார விளக்கு இந்தக் காரின் விளக்குதானாம். அத்தை கல்யாணத்துக்குப் பந்தலுக்கு எதிரே காரை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுவிட்டார்கள். தாலி கட்டி முடிகிற வரைக்கும் ஜோர், மாப்பிள்ளையை அழைத்துப் போக ஸ்டார்ட் பண்ணினால் செல்ஃப் செத்துக் கிடக்கிறது. ஊரே சேர்ந்து தள்ளியது. சார்ஜ் போடவும் ஊரில் கரண்ட் இல்லை, காரை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும், அதனால் பேட்டரிக்காகவே சில நாள் அம்பாசமுத்திரம் வரை சும்மா போய் வருவார்களாம். பெட்ரோல் விலையை நினைத்து அண்ணாச்சியின் ஆச்சி திட்டுவாளாம்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும். ஆறு வோல்ட் விளக்கு மங்கல் என்று எல்லோரும் பல்பைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் எர்த்தில் இருக்கும். பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் துருவில் அரை வோல்ட் தொலைந்தால் தெரியாது, ஆறில் தொலைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஹெட்லைட் நிற்கும் கம்பியின் அடியில் துருவைச் சுரண்டி, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக சேசிஸ் வரை தடி வயர் இழுத்தேன். அதற்கப்புறம் அதே பல்பு, வேறு வெளிச்சம்.

கடைசியில் அப்பா பத்து ஆம்பியரிலேயே கார்பனை வைத்துவிட்டார். பகலில் தூரம் போனால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டு, மிச்சம் கரண்ட் விளக்கில் செலவாகட்டும் என்று அண்ணாச்சிக்கு உத்தரவு. அந்தக் காலத்தில் மூணாவது கார்பன் வண்டிக்காரர்கள் செய்த வழக்கம்தான் இது. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் நல்ல உச்சி வெயிலில், ஹெட்லைட் ரெண்டும் எரிய, சேரன்மகாதேவி வழியாக டவுனுக்கு வந்தோம். எதிரே வந்த பஸ், லோடு ஆட்டோ, பைக் என்று ஒருத்தர் விடாமல் கையை விரித்து மடக்கி விரித்து மடக்கி, லைட் எரியுது, லைட் எரியுது என்று காட்டிக்கொண்டே போனார்கள். அதில் பாதிப்பேர் வந்த புது பைக்கிலும் பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அணைக்க சுவிட்ச் கிடையாது. அண்ணாச்சி எல்லோருக்கும் பதிலுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். அப்பா பின் சீட்டிலிருந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு எங்க நிக்கி?"

"ஒன்று, ஒன்றரை சார்ஜ்லப்பா."

"டெர்மினலை முறுக்கினியா?"

"முறுக்கியாச்சு."

"பலகையைத் தூக்கி இன்னொரு தடவ ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்த்தேன்.